குரங்குக் காய்ச்சல்: கியாசனூரிலிருந்து மசினகுடி வரை

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு உண்ணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டின் காது மடலுக்குள்ளும், மடியிலும், வாலின் அடியிலும் கொட்டைமுத்துப் போலத் தடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கொட்டாங்கச்சியில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போடுவது பிள்ளைகளின் வேலை. பிடுங்கிய இடத்தில் வேப்பெண்ணெய். உண்ணி மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும், பால் குறையும், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. அது மனிதனைக் கொல்லும் நோயைக் கொண்டுவரும் என்று 1957 வரை இந்த நாட்டில் பெரும்பாலானோர் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அப்போதைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா மாவட்டம் சொரப் தாலுக்காவில் இது வெளிச்சத்துக்கு வந்தது. மலைநாடு என்று அவர்கள் சொல்லும் பகுதி. பள்ளத்தில் நெல்வயல், அதன் கரையில் பாக்குத் தோட்டம், அதற்கு மேலே காடு. பாக்கு மரத்துக்கு எருவாகப் போடத் தழையும் சருகும் வேண்டும். அடுப்புக்கு விறகு, மாட்டுக்கு மேய்ச்சல், கூரைக்குப் புல் எல்லாமே காட்டிலிருந்துதான். ஆகவே வீட்டுக்கு ஒருவராவது தினமும் காட்டுக்குள் போய் வருவார். கியாசனூர் அங்கே ஒரு காட்டின் பெயர்.

நோய் வந்த விதம் பயங்கரம். காலையில் நன்றாக இருந்த ஆள் மாலையில் கடும் காய்ச்சலோடும் தலைவலியோடும் படுப்பார். இடுப்பும் கெண்டைக்காலும் முறித்துப் போட்டது போல வலிக்கும். கண் சிவக்கும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வரும், சிலருக்கு வயிற்றில் ரத்தம் போகும். தேறி எழுந்து உட்கார்ந்தவர்களில் சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும். முதலில் டைபாய்டு என்றே நினைத்து மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. 1957 பருவத்தில் மட்டும் 466 பேருக்கு வந்ததாகக் கணக்கு. அடுத்த வருஷம் இன்னும் 181.

இதில் ஒரு விஷயத்தை மருத்துவர்களுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் கவனித்துவிட்டார்கள். காட்டில் குரங்குகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள லங்கூர்கள்தான் அதிகம், நாட்டுக்குரங்குகளும் கொஞ்சம். குரங்கு விழுந்த பக்கம் போய் வந்தவர்கள் படுக்கிறார்கள் என்று கிராமத்தில் பேசிக்கொண்டார்கள். இன்றும் கன்னடத்தில் இதற்கு 'மங்கன காயிலெ' என்றே பெயர், அதாவது குரங்கு நோய். விஞ்ஞானிகள் வைத்த பெயர் கியாசனூர் காட்டு நோய். என்னைக் கேட்டால் ஊரார் வைத்த பெயரே மேல், அதில் நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் சேர்ந்தே இருக்கிறது.

குரங்குகள் சாகின்றன என்ற செய்தி பூனாவுக்குப் போனதும் அங்கே கலக்கம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1952ல் அங்கே வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கியிருந்தன. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதுதான். குரங்கும் மனிதனும் ஒரே சமயத்தில் சாகும் நோய் என்றால் அந்தக் காலத்தில் முதலில் நினைவுக்கு வருவது மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள அந்த நோய் இந்தியாவுக்குள் வந்ததே இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஏராளமாக இருக்கிறது. சுகாதாரத் துறையில் கொசுப்புழுவை எண்ணியே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்திருந்தால் அன்றைய நம் ஊர்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மையத்தின் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க், பூச்சியியல் அறிந்த ஹெரால்ட் டிராபிடோ, இந்தியத் தரப்பில் டி. ராமச்சந்திர ராவ் முதலானோர் இதில் இறங்கினார்கள். செத்த குரங்கிலிருந்தும், நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும், காட்டு உண்ணியிலிருந்தும் ஒரே வைரஸ் கிடைத்தது. அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்ல. அதற்கு நெருங்கிய சொந்தம் எங்கே இருந்தது தெரியுமா? ரஷ்யாவில். சைபீரியக் காடுகளில் உண்ணி மூலம் வரும் மூளைக்காய்ச்சல் கிருமியின் தம்பி முறை.

சைபீரியாவுக்கும் ஷிமோகாவுக்கும் என்ன சம்பந்தம்? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் காலிலோ இறகிலோ உண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அந்தச் சந்தேகத்தின் பயனாகத்தான் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையம் மாட்டும் பெரிய வேலையைத் தொடங்கினார்கள். பின்னாளில் நம் கோடியக்கரையிலும் அந்த வேலை நடந்தது. பறவை மீது வந்தது என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு இந்தக் குரங்கு நோயின் புண்ணியம். எழுபதுகளில் இதே பறவை ஆராய்ச்சியில் அமெரிக்க ராணுவத்தின் கை இருக்கிறது, கிருமி யுத்தத்துக்கு ஒத்திகை என்று பத்திரிகைகளில் புகை கிளம்பி, நாடாளுமன்றக் குழு வரை போனது. அது தனிக் கதை.

மெய்யான விடை காட்டுத் தரையில் இருந்தது. மஞ்சள் காய்ச்சலைக் கொலம்பியக் காடுகளில் ஆராய்ந்த ஹோர்கே போஷெல் இங்கே வந்து வருஷக்கணக்கில் வேலை செய்தார். அவரோடு உழைத்தவர்களில் ஒருவர் பி.கே. ராஜகோபாலன். பின்னாளில் புதுச்சேரியிலுள்ள கொசு முதலிய நோய்பரப்பிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராக இருந்து, 1990ல் பத்மஸ்ரீ வாங்கியவர். யானைக்கால் வேலையில் அவர் பெயரைக் கேட்டிருப்போம். அதற்கு முன் அவர் ஷிமோகா காட்டில் உண்ணி பொறுக்கியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உண்ணி பொறுக்குவது என்பது அலங்காரப் பேச்சல்ல. வெள்ளை ஃபிளானல் துணியை ஒரு கம்பில் கொடி போலக் கட்டி, சருகின் மீதும் புதர் மீதும் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். மிருகம் ஏதோ உரசிப் போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். அவற்றை இடுக்கியால் எடுத்து, எண்ணி, வகை பிரித்து, குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அன்று பரிசோதனை என்றால் குட்டி எலிக்கு ஊசி போட்டு, அது சாகிறதா என்று நாள்கணக்கில் காத்திருப்பது. களத்திலும் கூடத்திலும் வேலை செய்தவர்களில் பலருக்கு இதே காய்ச்சல் வந்தது.

இப்படிச் சேர்த்த கணக்கிலிருந்து தெரிந்த கதை இது. மழைக்காலம் முடிந்ததும் சருகில் முட்டை பொரித்து, கடுகை விடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகப் புல் நுனியில் ஏறி நிற்கும். எலி, மூஞ்சூறு, அணில், குரங்கு என்று எது உரசினாலும் ஏறி ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோல் உரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மனிதனை அதிகம் கடிப்பது இந்த இளம் உண்ணிதான். டிசம்பரிலிருந்து மே வரை அதன் காலம், தை மாசி பங்குனியில் உச்சம். சருகு வாரவும் விறகு வெட்டவும் ஜனங்கள் காட்டுக்குப் போவதும் அதே மாதங்களில். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய மிருகம் வேண்டும், அங்கேதான் நம் மாடு வருகிறது.

மாட்டுக்கு இந்த நோய் வராது, அதன் ரத்தத்தில் கிருமி பெருகுவதும் இல்லை. ஆனால் மாடு உண்ணியைப் பெருக்கும். ஒரு பெண் உண்ணி மாட்டின் மேல் வயிறு முட்டக் குடித்துவிட்டு விழுந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டுக்குள் மாடு அதிகமாக அதிகமாக உண்ணி பெருகுகிறது, காட்டை வெட்டி வயலாக்க ஆக்க மாடும் ஆளும் உள்ளே போகிறார்கள் என்று போஷெல் 1969ல் எழுதினார். கிருமி புதிதாக வந்ததல்ல, அங்கேயே எலிகளிடமும் உண்ணிகளிடமும் சத்தமில்லாமல் இருந்ததைக் கிளறிவிட்டது நாம்தான் என்பது அவர் வாதம். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

குரங்குக்கு இதில் இரண்டு வேஷம். கிருமி ஏறிய குரங்கின் உடம்பு முழுக்க வைரஸ் கொழிக்கும். நோயால் சோர்ந்து கிளையை விட்டு இறங்கித் தரையில் கிடக்கும்போது அதன் மேல் நூற்றுக்கணக்கில் குஞ்சு உண்ணிகள் ஏறிக் குடித்துவிட்டு அங்கேயே விழும். ஆக, குரங்கு செத்த இடம் கிருமி விதைத்த வயல் மாதிரி. அது முதல் வேஷம். இரண்டாவது, அது நமக்கு எச்சரிக்கை மணி. காட்டுக்குள் கிருமி கிளம்பிவிட்டது என்பதை மனிதனுக்குக் காய்ச்சல் வரும் முன்பே சொல்லிவிடுகிறது. 1957 முதல் 1964 வரை ஷிமோகா மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரங்குச் சாவுகளைப் பதிவு செய்தார்கள். ஜீப்பில் சுற்றும் நாலைந்து ஆராய்ச்சியாளர்களால் மட்டும் இவ்வளவையும் கண்டுபிடித்திருக்க முடியுமா? விறகுக்குப் போன பெண்களும் மாடு மேய்த்த பையன்களும் வந்து சொன்னால்தான் உண்டு.

இந்த முறைக்கு இன்று வரை மாற்று வரவில்லை. செத்த குரங்கு கிடந்தால் யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் கால்நடை மருத்துவர் உரிய கவசத்தோடு வந்து பரிசோதனைக்கு எடுப்பார், உடலை எரிப்பார்கள், சுற்றிலும் 50 மீட்டருக்கு மாலத்தியான் பொடி தூவுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஊரில் தண்டோரா போடுவார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் கை காலில் பூசிக்கொள்ள உண்ணி விரட்டும் எண்ணெய் கொடுப்பார்கள். எல்லாம் அந்த முதல் தகவலில் தொங்குகிறது.

தடுப்பூசிக் கதை கொஞ்சம் மனதை நோகச் செய்வது. ரஷ்ய நோய்க்கான ஊசியை முதலில் இங்கே போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு கோழிக்கரு உயிரணுக்களில் வைரஸை வளர்த்து, ஃபார்மலினில் கொன்று நாமே ஒன்று தயாரித்தோம். 1990 முதல் 1992 வரை நடந்த களச் சோதனையில் இரண்டு ஊசி போட்டவர்களுக்குச் சுமார் 79 சதவீதம், பூஸ்டரும் போட்டவர்களுக்குச் சுமார் 93 சதவீதம் பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் பிற்பாடு ஷிமோகாவில் கணக்குப் பார்த்தபோது இரண்டு ஊசிக்கு 62 சதவீதம்தான். ஒரு மாத இடைவெளியில் இரண்டு, ஆறு முதல் ஒன்பது மாதத்தில் பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். போட்ட இடம் நன்றாக வலிக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு முறை வலித்தால் அடுத்த முறை வருவாரா? பலர் வரவில்லை. கடைசியில் வீரியம் போதவில்லை என்று 2022ல் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். புதிய ஊசிக்கான வேலையில் ஐ.சி.எம்.ஆரும் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் கம்பெனியும் இருக்கின்றன. நோய்க்கென்று தனி மருந்தும் கிடையாது. நீர்ச்சத்து குறையாமல், ரத்தப்போக்கைக் கவனித்து, ஆளைத் தேற்ற வேண்டியதுதான். நூறில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள்.

பல வருஷங்களுக்கு இது ஷிமோகாக்காரர்களின் தலைவலி என்றே இருந்தது. எழுபதுகளில் வட கன்னட மாவட்டத்துக்குப் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் தெற்கே பெல்தங்கடி தாலுக்காவில், நிட்லே பக்கம் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டிய இடத்தில் வெடித்தது. பிறகு 2012 நவம்பரில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் விழுந்தன. விதிப்படி உடல்களை எடுத்து எரித்தார்கள். எடுத்தவர்களிலும் எரித்தவர்களிலும் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. பூனாவில் பரிசோதித்தபோது அதே வைரஸ். அந்தப் பருவத்திலேயே எல்லைக்கு இந்தப் பக்கம் நம் நீலகிரியில் செத்த குரங்கிலும், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றிலும் பிடித்த மாதிரிகளிலும் அது தெரிந்தது. 2013ல் வயநாட்டில் மனிதருக்கு வந்தது, 2014ல் நிலம்பூர் மலைக் குடியிருப்புக்குப் போனது, 2015ல் வயநாட்டில் நோயாளிகள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. காட்டுக்கு மாநில எல்லை கிடையாது. முதுமலை, பந்திப்பூர், முத்தங்கா மூன்றும் ஒரே காட்டின் மூன்று பெயர்கள்.

நம் சீகூர் பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மசினகுடியைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மாடுகள். பாலுக்காக மட்டும் யாரும் அத்தனை மாடு வைக்கவில்லை. சாணிக்காக. காட்டில் மேய்ந்துவிட்டு இரவில் பட்டிக்கு வரும் மாட்டின் சாணியைக் காயவைத்து மூட்டை கட்டி, காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரியில் ஏற்றிய காலம் நம் எல்லோருக்கும் தெரியும். குண்டலுப்பேட்டைப் பக்கத்திலும் இதே வியாபாரம்தான். காப்பி விலை ஏறினால் சாணிக்குக் கிராக்கி, சாணிக்குக் கிராக்கி வந்தால் மாடு கூடும், மாடு கூடினால் உண்ணி கூடும். போஷெல் சொன்ன கணக்கு இங்கேயும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. மாடும் காட்டு மிருகமும் ஒதுங்கும் புதர் எது என்று பார்த்தால் லாண்டானா, அதற்கு நம் தமிழில் உண்ணிச்செடி என்றே பெயர்!

இனி அந்த முதல் தகவலுக்கு வருகிறேன். நம் ஊரில் குரங்கு செத்தால் என்ன செய்வோம்? அனுமார் அம்சம் என்று மஞ்சள் தெளித்து, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்து, பால் ஊற்றுவோம். சிறு பிள்ளைகளும் தொட்டுக் கும்பிடும். கரண்ட் அடித்துத் தெருவில் விழுந்த குரங்குக்கு இப்படிச் செய்தால் பரவாயில்லை. காட்டோரத்தில், தை மாசியில், காயமில்லாமல் செத்துக் கிடக்கும் குரங்குக்குச் செய்வது ஆபத்து. சூடு போன உடம்பை விட்டு உண்ணிகள் தூக்குகிறவர் கைக்கு ஏறும். பக்தியைக் குறை சொல்லவில்லை, தள்ளி நின்றே கும்பிடலாம்.

இன்னொரு தடை, பயம். செத்த விலங்கைக் கண்டேன் என்று போய்ச் சொன்னால், நீ ஏன் காட்டுக்குள் போனாய் என்ற கேள்விதான் முதலில் வரும் என்று காட்டு நாயக்கரும் இருளரும் நினைக்கிறார்கள். விறகு, தேன், கிழங்கு என்று போய் வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு வழக்காக மாறலாம். சொல்லாமல் இருப்பதே பத்திரம் என்று அவர்கள் முடிவு செய்தால் அதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? குரங்குச் சாவைச் சொல்ல வருபவரிடம் வேறு எதையும் கேட்கக் கூடாது என்று வனத்துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு வரி உத்தரவு போட்டால் எத்தனையோ குப்பி எண்ணெயை விட அது உதவும் என்பது என் எண்ணம். அந்த மக்களையே, பயணப்படி கொடுத்து, பருவம் முழுக்கக் கண்காணிப்பாளராக வைக்கலாம். எந்த மரத்தில் எந்தக் கூட்டம் தங்கும், எத்தனை குட்டி என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

காட்டுக்குள் போகாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டுவது சுலபம். போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்கிற வீட்டில் அந்த நோட்டீஸ் எதற்கு? போகிறவர்கள் முழுக்கை, முழுக்கால் துணி போடலாம், பேண்ட்டை காலுறைக்குள் சொருகலாம், எண்ணெய் பூசலாம், திரும்பி வந்ததும் துணியைச் சுடுநீரில் போட்டு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் பார்த்துக் குளிக்கலாம். சருகின் மேல் படுத்து இளைப்பாறக் கூடாது. மாட்டை மேய்ச்சலிலிருந்து வந்ததும் உண்ணி மருந்து போட்டுக் கவனிக்க வேண்டும். காட்டுக்குப் போய் வந்த பத்து நாளுக்குள் காய்ச்சல் கண்டால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு என்று எதற்குள்ளும் இது ஒளிந்துகொள்ளும்.

நம் பக்கம் குறும்பரும் காட்டு நாயக்கரும் மலைத்தேன் எடுக்கப் போவது சித்திரை, வைகாசி, ஆனியில். இளம் உண்ணியின் பருவம் அப்போதும் முழுக்க முடிந்திருக்காது. பாறைக்குப் போகும் முன் பாட்டுப் பாடி, விரதம் இருந்து, மூங்கில் ஏணியைச் சரிபார்த்துக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் அவர்களில் யாராவது, வழியில் இரண்டு குரங்கு கிடந்தது என்று டீக்கடையில் சொன்னால், கேட்கிறவர் காது கொடுத்துக் கேட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.